ஒளியின் இயல்பு கண்ட சேர் சி. வி. இராமன்

பெரியோர் வரலாறுகளைக் கற்பது இளைஞர்க்கு உரமூட்டும் நல்லுணவாகும். அவ்வாறு கற்கத்தக்கவர்களுள் ஒருவர் தமிழகம் ஈன்ற விஞ்ஞானி சேர் சி. வி. இராமன் அவர்கள்.

காவிரி வளஞ்செய்யும் திருச்சிராப்பள்ளியில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி, சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் மகனாக இவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1904இல் பி. ஏ. தேர்விலும் 1907இல் எம். ஏ. தேர்விலும் சிறப்பாகச் சித்தியெய்தினார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவர் உடல்நலம் இடந்தரவில்லை. ஆகவே நிதித்துறைப் பரீட்சை எழுதி முதலிடம் பெற்றுக் கல்கத்தாவில் உயர் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

உத்தியோகம் அவருடைய ஆராய்ச்சி வேட்கையைத் தணிக்கவில்லை. பௌபசார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில், காலையில் கந்தோருக்குப் போகுமுன்னும் மாலையில் திரும்பிய பின்னும் ஆராய்ந்தார். நம் கோவில்களில் ஒலிக்கும் மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணையே அதன் நாதத்தை இசையொழுங்கில் அமைக்கின்றதென விளக்கியவரும் இவரே. 1917இல் கல்கத்தாச் சர்வகலாசாலை பேராசிரியர் பதவியை அளித்தபோது, ஊதியங் குறைவென்று அறிந்தும் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். அன்று அவர் தயங்கியிருப்பின் உலகம் ஒரு கணக்கதிகாரியையே பெற்றிருக்கும்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் மீண்டபோது மத்தியதரைக்கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. முல்லைத்தீவுக் கரையில் நின்று நீலக்கடலைக் காணாதார் நம்முள் யார்? அது ஏன் நீலமென்று வினவினோர் எத்தனை பேர்? வானத்தின் நிறமே கடலிற் பிரதிபலிக்கின்றதென்று அக்காலத்து அறிஞர் கூறிவந்தனர். இராமனோ பிரதிபலித்த ஒளியை நிக்கொல் அரியத்தால் விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றனவெனத் துணிந்தார்.

அத்துணிவு ஏழாண்டு உழைப்பாயிற்று. மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் உடனுழைக்க, 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி அவர் கண்ட உண்மை இதுவாகும்: ஒளி ஒரு பொருளிற் சிதறும்பொழுது, அதில் மிகச் சிறு பகுதி மூலக்கூறுகளின் அதிர்வோடு சக்தியைக் கொடுத்தும் வாங்கியும் நிறம் மாறுகின்றது. இதுவே இராமன் விளைவு. பயன்படுத்திய கருவிகளோ எளியவை. 1929இல் சேர் பட்டமும் 1930இல் நோபல் பரிசும் கிடைத்தன. விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பின்னர் பெங்களூரிற் பணிபுரிந்து, 1948இல் அங்கு தம் பெயரால் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவி, 1954இல் பாரதரத்தினமாகி, 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

அவர் மறைந்தும் கண்டுபிடிப்பு மறையவில்லை. தொலைபேசிச் செய்திகளைச் சுமக்கும் மயிர்போன்ற கண்ணாடியிழையில், ஒளித்துடிப்பு செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் விரைகின்றது. சந்திகளில் அதனைச் சற்றே தாமதிக்கச் செய்ய வழியுண்டா? வலிய லேசர் கதிரொன்றை இழையிற் செலுத்தி, கண்ணாடியின் அதிர்வளவுக்கு அதிர்வெண் குறைந்த மெல்லிய துடிப்பொன்றையும் உடன் அனுப்பினால், தூண்டிய இராமன் சிதறலால் துடிப்பு வலுப்பெறும். அவ்விடத்தில் கண்ணாடியின் முறிவுச்சுட்டி அதிர்வெண்ணுக்கேற்ப விரைந்து மாறுவதால், துடிப்பின் உச்சி பிந்தி வந்து சேரும். லேசர் வலுவைக் கூட்டிக் குறைத்துத் தாமதத்தையும் கூட்டிக் குறைக்கலாம். இரணைமடுவின் மடைக்கதவை ஏற்றி இறக்குமாப்போல என்க. 2005இல் அமெரிக்காவின் கோர்ணெல் சர்வகலாசாலையார் இதனைச் செய்து காட்டினர். ஒலியலைகளால் நிகழும் பிரில்லுவான் சிதறலைக் கொண்டும் அவ்வாண்டிலேயே அவர்களும் சுவிற்சலாந்தின் லோசான் அறிஞரும் ஒளியைத் தாமதிக்கச் செய்தனர். எனினும் அளவுக்கு மிஞ்சித் தாமதித்தால் துடிப்பு அகன்று உருக்குலையும். அவ்வெல்லையைக் கடக்கும் வேலை இளந்தலைமுறைக்கு உரியது.

வன்னியில் நாம் பிள்ளைகளை உத்தியோகத்தை நோக்கியே படிப்பிக்கின்றோம். யுத்தத்தால் யாவும் இழந்த பெற்றோர் நிலையான வருமானத்தை நாடுவது குற்றமன்று. ஆயினும் இராமன் பத்தாண்டு உத்தியோகத்திலிருந்தவாறே ஆராய்ந்தார் என்பதை மறவாதிருப்போம். பிள்ளை ஒன்று ஏனென்று கேட்கும்போது, மூத்தோராகிய நாம் அக்கேள்வியைத் தட்டிக்கழியாது செவிசாய்ப்போமாக.