எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டவர் ஹார்வர்டில் டாக்டர் ஆனார்

கர்ப்பிணிப் பெண்களுக்கு சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் போலிக் அமில மாத்திரை சாந்தன்பாறை ஏலத்தோட்டத் தாய்மார்களுக்குப் புதிதல்ல. அந்தப் போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய குழுவின் தலைவர் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

1895 ஜனவரி 12-ந் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். அவருடைய சகோதரர்கள் இருவர் 'ஸ்புரூ' என்ற கழிச்சல் நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

கதரால் வந்த வினை

சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்திஜியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்து வந்தார்.

மாமனாரும் காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் பணம் உதவ, 1922-ல் அமெரிக்கா புறப்பட்டார். மூன்று ஆண்டில் திரும்புவதாக இளம் மனைவி சேஷகிரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் போன பின் பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களில் இறந்தது. தந்தை அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஹார்வர்டில் வெப்பநாட்டு மருத்துவப் பட்டயம் பெற்றார். அங்கும் பணமுடை. ஆஸ்பத்திரியில் இரவுச் சிப்பந்தியாக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பிறகு பேராசிரியர் பிஸ்கேயிடம் உயிர்வேதியியல் ஆய்வில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் வகுத்த முறை 1925-ல் வெளிவந்தது. மாணவர்களின் பாடப் புத்தகத்தில் 'பிஸ்கே-சுப்பாராவ் முறை' என்றே அது இடம் பெற்றது. இரண்டு வருஷம் கழித்து, தசைகளுக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும் வெளியிட்டார்கள். தசை வேலை செய்வதைப் பற்றி அதுவரை விஞ்ஞானிகள் கொண்டிருந்த கருத்தையே அது மாற்றியது.

1930-ல் டாக்டர் பட்டம் கிடைத்தபோது சுப்பாராவுக்கு வயது 35. மூன்று ஆண்டு என்று சொல்லிப் போனவருக்கு எட்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர ஆசிரியர் பதவி தரவில்லை. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கு இது பெருமை சேர்க்கும் செய்தி அல்ல.

1940-ல் நியூயார்க் மாநிலத்திலுள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அதன் பிறகுதான் மருந்துகள் வரிசையாக வந்தன. 1945-ல் போலிக் அமிலம். ஸ்புரூ நோயாளிகளின் ரத்தச் சோகைக்கு அது கைகண்ட மருந்தாயிற்று. சகோதரர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்தது! அதே அமிலத்தைச் சற்று மாற்றிச் செய்த மருந்தை, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1947-ல் யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் வந்தது. கேரளக் கடற்கரையிலும் தமிழ்நாட்டிலும் அந்த மருந்தை விழுங்கியவர்கள் ஏராளம்.

1948 ஆகஸ்டில் ஒரு நாள் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. கால் நூற்றாண்டு அங்கே வாழ்ந்தும் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை, சேஷகிரியை மறுபடி பார்க்கவும் இல்லை.