நிலாவுக்குப் போன இன்ஜின்ல ஒளிஞ்சிருக்கும் பெயர்!

மணியாச்சி ஜங்ஷன்ல இருந்து நாகர்கோவில் பக்கம் ரயில்ல போறீங்களா? வள்ளியூர் தாண்டினதும் மேற்கே தெரியுற மலையைப் பாருங்க. அந்த அடிவாரத்துலதான் மகேந்திரகிரி இஸ்ரோ மையம் இருக்கு. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3-ஐத் தூக்கிட்டுப் போன எல்.வி.எம்-3 ராக்கெட்டின் ‘விகாஸ்’ இன்ஜின் வகையைச் சோதிக்கிற இடம் அதுதான்.

விகாஸ்னா வளர்ச்சி. ஆனா, விக்ரம் அம்பாலால் சாராபாய் என்ற பெயரும் அதுக்குள்ள இருக்குனு விஞ்ஞானி நம்பி நாராயணன் சொல்லியிருக்கார். யார் அந்த சாராபாய்?

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை

1919-ல் அகமதாபாத்தில் பிறந்தவர். குடும்பத்துக்குத் துணி மில் இருந்தது, உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கலாம். அவரோ பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தார். 1947-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, அதே வருஷம் அகமதாபாத்தில் ஆய்வுக்கூடமும் தொடங்கிட்டார்.

அடுத்து கேரளாவின் தும்பா. மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த தேவாலயம்தான் அலுவலகம். ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்தது. அது அமெரிக்கா கொடுத்தது.

சோத்துக்கே வழியில்லை, ராக்கெட் எதுக்கு?

அன்னிக்கு எல்லாரும் கேட்ட கேள்வி. பணக்கார நாடுகளோட போட்டி போட இல்லை, கிராமத்துக்கு டி.வி, தொலைபேசி, வானிலைத் தகவல் போய்ச் சேரத்தான் என்பது சாராபாயின் பதில். மழையை மட்டுமே நம்பி உளுந்தும் பருத்தியும் விதைக்கிற கரிசக்காட்டுக்காரங்களுக்கு அதோட அருமை தெரியும்.

ஆனா, மேகத்தைக் கண்காணிக்கிற செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ உயரத்துல நிக்கணும். எடையும் டன் கணக்குல. அதுக்குப் பெரிய ராக்கெட் வேணும். எல்.வி.எம்-3 கிளம்பும்போது எடை சுமார் 640 டன். சந்திரயான்-3 நாலு டன்கூட இல்லை! மிச்சமெல்லாம் எரிஞ்சு, கழண்டு விழுந்துடும். ஒரே ஒரு பயணம்தான் அதோட ஆயுசு.

பார்க்காமலே போனவர்

1969-ல் இஸ்ரோ உருவானது. 1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில் சாராபாய் காலமானார். வயசு 52. நம்ம ராக்கெட் ஒரு செயற்கைக்கோளைத் தூக்கினதை அவர் பார்க்கவே இல்லை. அது நடந்தது 1980-ல். தூக்கினது சுமார் 35 கிலோ. 3,136 கிலோ ஜிசாட்-19-ஐ எல்.வி.எம்-3 ஏற்றியது 2017-ல்.

விதைக்கிறதுக்கு முன்னாடி மழை வருமானு உங்க வீட்டுல யாராவது போனைப் பார்க்குறாங்களா? ராக்கெட் எதுக்குங்கிற கேள்விக்கு அதுதான் பதில்.