இந்தூர் எருவின் தந்தை

பீகாரில் பூசா என்னும் ஊரில் இந்திய அரசாங்கத்தின் விவசாய ஆராய்ச்சி நிலையம் உருவாகி வந்த நேரம். 1905-இல் அங்கே தாவர நிபுணராக வந்து சேர்ந்தார் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர். வயது 31.

இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தபின் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்தார். அங்கே அவருக்கு ஒரு மனக்குறை. விவசாயிக்கு யோசனை சொல்ல முடிந்தது. அதைத் தாமே செய்து பார்க்கச் சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லை.

பூசாவில் முதல் வேலையாக நிலம் கேட்டு வாங்கினார். அக்கம்பக்கத்து வயல்களில் பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லாமலே பயிர்கள் நோயின்றி நிற்பதைக் கண்டார். கற்பிக்க வந்தவர் அந்த விவசாயிகளிடமே பாடம் கேட்கலானார். தானியத்தோடு துவரையைக் கலந்து விதைப்பதன் சூட்சுமமும் விளங்கிற்று. துவரை வேர் ஏர்முனை எட்டாத அடிமண்ணையும் இளக்கிவிடும், தழைச்சத்தும் சேர்க்கும்.

மனைவி கேப்ரியலும் தாவர விஞ்ஞானி. இருவரும் உருவாக்கிய பூசா கோதுமை ரகங்கள் நல்ல பெயர் வாங்கித் தந்தன. வேறொருவர் அதோடு திருப்திப்பட்டிருப்பார். மண் பசித்துக் கிடந்தால் நல்ல விதை என்ன செய்யும் என்பதே ஹோவர்டின் கவலை. விதைக்கு ஒரு துறை, பூச்சிக்கு ஒரு துறை என்ற பாகப்பிரிவினையும் அவருக்கு ஒத்துவரவில்லை.

1924-இல் இந்தூர் சென்றார். ஹோல்கார் சமஸ்தானம் தந்த 300 ஏக்கர் கரிசல் நிலத்தில் புதிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. சாணத்தில் பெரும்பங்கு வரட்டியாகி அடுப்புக்குப் போயிற்று. மிஞ்சிய கொஞ்சத்தைக் கொண்டு நிறைய எரு செய்வது எப்படி?

பருத்திமாரையும் துவரைமாரையும் பண்ணைச் சாலையில் பரப்பினார்கள். வண்டிச் சக்கரங்கள் ஏறி நசுக்கிய பிறகு அவை மாட்டுக்குப் படுக்கையாயின. பின்னர் 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள குழியில், சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றுடன் அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளித்தார்கள். காற்றுப் படுவதற்காக மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு தயார். சீன விவசாயிகளின் பழைய வழக்கமும் இதற்கு வழிகாட்டியது. இதில் கூட உழைத்த ரசாயன நிபுணர் யஷ்வந்த் வாட்; அவர் பெயரை இப்போது சொல்வாரில்லை.

1930-இல் கேப்ரியல் காலமானார். மறு ஆண்டு, வாட்டுடன் எழுதிய நூல் வெளிவந்தது. ஹோவர்டும் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1934-இல் சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு காந்தியடிகள் இந்தூர் நிலையத்துக்கு வந்து எருக்குழிகளைப் பார்வையிட்டார்.

1940-இல் வெளிவந்த ஹோவர்டின் நூல் உலகெங்கும் இயற்கை விவசாயிகளின் கைநூலாயிற்று. பயிர் நோய்க்கெல்லாம் மண்ணின் நலிவே மூலம் என்று அவர் அடித்துச் சொன்னது சற்று மிகைதான். விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. ஆனால் எருக்குழி விஷயத்தில் அவரை மறுக்க ஆளில்லை.

1947 அக்டோபரில் இங்கிலாந்தில் மறைந்தார். பருத்திமார் நசுங்கிய அந்த நிலையம் பின்னாளில் இந்தூர் விவசாயக் கல்லூரியாக மாறியது.