வானத்தில் ஒரு பூதக்கண்ணாடி

பூதக்கண்ணாடி பார்த்திருப்பீங்க. வானத்திலும் அப்படி ஒண்ணு இருக்கு, தெரியுமா? அதை முன்கூட்டியே சொன்னவர் ஃபிரிட்ஸ் சுவிக்கி.

அவர் 1898-இல் பல்கேரியாவில் பிறந்தார். ஆறு வயதில் பெற்றோரைப் பிரிந்து, சுவிட்சர்லாந்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 1925-இல் அமெரிக்கா சென்றார். அங்கே வானத்தை ஆராய்ந்தார்.

கோடி கோடி விண்மீன்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் திரள். அது மிகவும் கனமானது. அதனால், பின்னால் இருந்து வரும் ஒளியை அது தன் பக்கம் இழுத்து வளைக்கும். தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும். இதை 1937-இல் சுவிக்கி எழுதினார்.

ஆனால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. 1974-இல் இறந்துவிட்டார். 1979-இல்தான் மற்ற அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போ பாருங்க, பல திரள்கள் சேர்ந்த பெரிய கூட்டங்களே நமக்குப் பூதக்கண்ணாடி! அவற்றுக்குப் பின்னால் இருக்கும் திரள்கள் வில் போல வளைந்து தெரியும். சுவிக்கி பார்க்காததை நீங்க படத்திலே பார்க்கலாம்.