வெள்ளை உடுத்திய துறவி

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் பிள்ளைப்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இப்போது பெரிய தொழிற்பேட்டை. காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. சீருடை அணிந்த ஆண்களும் பெண்களும் இறங்குகிறார்கள். சட்டையின் நிறத்தைப் பார்த்தே, இவர் இன்ன கம்பெனி என்று சொல்லிவிடலாம். சட்டைக்குள் இருக்கும் மனிதர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியுமா?

உடை ஆளைக் காட்டுமா, அல்லது மறைக்குமா? இந்த வட்டாரத்தில் பிறந்த ஒரு மகானின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது. அவர்தான் ராமானுஜர்.

காவி வந்தது

ராமானுஜர் 1017-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார் என்பது மரபு. தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி. தாய் காந்திமதி. தாய்மாமன் அவருக்கு இளையாழ்வார் என்று பெயர் வைத்தார்.

திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டார். தஞ்சம்மாளை மணந்தார். வெள்ளை வேட்டி கட்டிய குடும்பஸ்தராகக் காஞ்சீபுரத்தில் வாழ்ந்தார். இல்லறம் சரிப்படவில்லை. மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். வரதராஜப் பெருமாளை வணங்கித் துறவு பூண்டார்.

வெள்ளை வேட்டி போயிற்று. காவித் துணி வந்தது. மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டிய திரிதண்டம் கைக்கு வந்தது. பிறகு அவர் ஸ்ரீரங்கம் சென்றார். சீடர்கள் பெருகினார்கள்.

கிழிந்த துணி

பிள்ளை உறங்காவில்லி தாசர் என்று ஒரு சீடர். அவர் உறையூரைச் சேர்ந்த மல்லர். ராமானுஜர் காவிரிக்குப் போகும்போது அந்தணச் சீடரின் தோளைப் பிடித்துக்கொண்டு போவார். நீராடிய பின், உறங்காவில்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். மற்றச் சீடர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவரைத் தாழ்வாக எண்ணினார்கள்.

ராமானுஜர் அவர்களைக் கண்டிக்கவில்லை. ஓர் இரவு, கொடியில் உலர்ந்த அவர்களுடைய துணிகளில் சிறிது சிறிது கிழித்து வைக்கச் செய்தார். பொழுது விடிந்தது. துணியைப் பார்த்த சீடர்கள் ஒருவரையொருவர் திட்டிச் சண்டை போட்டார்கள்.

பின்பு அவர்களையே உறங்காவில்லியின் வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய மனைவி பொன்னாச்சி நகைகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நகைகளைக் கழற்றி வரும்படி சொல்லியிருந்தார். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினார்கள். பொன்னாச்சி விழித்துவிட்டாள். பாவம், இல்லாதவர்கள், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். வீடு திரும்பிய உறங்காவில்லி, நீ அசையாமல் கிடந்திருக்க வேண்டும் என்று மனைவியைக் கடிந்துகொண்டார்.

நடந்ததைக் கேட்ட ராமானுஜர், ஒரு முழத் துணிக்குச் சண்டை போட்டவர்கள் எங்கே, இந்தத் தம்பதி எங்கே என்று சீடர்களுக்கு எடுத்துக் காட்டினார். அவர்கள் தலை குனிந்தார்கள்.

காவி கை மாறியது

பிறகு பெரிய சோதனை வந்தது. அந்நாளைய சோழ மன்னன், தன் சமயக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திடுமாறு ராமானுஜரை அழைத்துவர ஆள் அனுப்பினான் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

ஆட்கள் வந்தபோது ராமானுஜர் நீராடப் போயிருந்தார். சீடர் கூரத்தாழ்வான் ஒரு நொடியும் தயங்கவில்லை. காஞ்சீபுரம் அருகே கூரத்தில் பெரும் செல்வராக இருந்து, எல்லாவற்றையும் விட்டு வந்தவர் அவர். குருவின் காவியை உடுத்திக்கொண்டார். திரிதண்டத்தைக் கையில் எடுத்தார். நான்தான் ராமானுஜன் என்று அவர்களோடு போனார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார்.

வந்தவர்கள் உடையைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

ராமானுஜர் ஆழ்வானின் வெள்ளை வேட்டியை உடுத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டார். சோழன் சபையில் ஆழ்வான் பணியவில்லை. அவருடைய இரு கண்களும் போயின. பெரிய நம்பியின் கண்களும் போயின. திரும்பும் வழியில் அந்த முதியவர் உயிர் நீத்தார்.

காலைப் பார்த்தாள்

காட்டு வழியே நடந்த ராமானுஜரும் சீடர்களும் கொங்கு நாட்டில் ஒரு வீட்டை அடைந்தார்கள். அந்த வீட்டுப் பெண்மணி முன்பு ஸ்ரீரங்கத்தில் ராமானுஜரிடம் உபதேசம் பெற்றவள். வந்தவர்களின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரிடத்தில் அவள் பார்வை நின்றது. பாதம் குருவின் பாதம். ஆனால் உடை வெள்ளை. அவள் குழம்பினாள். ராமானுஜர் உண்மையைச் சொன்னார். அவள் அழுது காலில் விழுந்தாள்.

அங்கே அவர் மீண்டும் காவி உடுத்தார். பிறகு ஹொய்சள நாடு சென்றார். மேலக்கோட்டைத் திருநாராயணபுரத்தில் தங்கித் தொண்டு செய்தார். 12 ஆண்டுகளுக்குப் பின் ஸ்ரீரங்கம் திரும்பினார்.

பார்வை இழந்த ஆழ்வானைக் கட்டிக்கொண்டு அழுதார். காஞ்சி வரதனிடம் கண்ணை வேண்டிக்கொள் என்றார். ஆழ்வான் தமக்குக் கண் கேட்கவில்லை. தம்மை இந்த நிலைக்கு ஆளாக்கியவனுக்கு நற்கதி கேட்டார்.

1137-ம் ஆண்டு ராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் மறைந்தார் என்பது மரபு. ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது ஒரு நாள் அவருடைய திருமேனிக்கு வெள்ளை உடை சாத்துகிறார்கள். அந்தப் பிரயாணத்தின் நினைவாகவே இந்த வெள்ளை சாத்துப்படி.

காவியைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு. வெள்ளையைக் கண்டு குழம்பியவளும் உண்டு. ஆனால் காவியை உடுத்தபோது ஆழ்வான் ஆழ்வானாகவே இருந்தார். வெள்ளையை உடுத்தபோது ராமானுஜர் ராமானுஜராகவே இருந்தார். உடை மாறலாம். உள்ளம் மாறாமல் இருந்தால் போதும்.