இன்டர்நெட்டின் லாக் புக்கை எழுதியவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஐ.வி. போயிருக்கீங்களா? பெரிய மெஷினைக் காட்டினதும் நாம எல்லாரும் போனை எடுத்து வீடியோ பிடிப்போம். அதே மெஷினுக்குப் பக்கத்தில், கிரீஸ் கறை படிஞ்ச ஒரு லாக் புக் கிடக்கும். ராத்திரி ஷிப்ட்டில் எந்த பேரிங் சத்தம் போட்டது, எதை மாத்தினாங்க, எதை நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டாங்க, எல்லாம் அதில் இருக்கும். காலை ஷிப்ட்டுக்கு வரும் ஃபிட்டர் மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த நோட்டைத்தான் புரட்டுவார். அதை நாம யாரும் வீடியோ எடுக்கிறதில்லை.

இன்டர்நெட்டுக்கும் அப்படி ஒரு லாக் புக் இருக்கு. அதைச் சுமார் 28 வருஷம் பராமரித்தவர் பெயர் ஜான் போஸ்டெல். 1998-ல் இறந்துவிட்டார், நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் இன்று காலையில் நீங்க பிளேஸ்மென்ட் செல்லுக்கு அனுப்பின மெயில்கூட, அவர் எழுதிய விதியின் வாரிசைப் பின்பற்றித்தான் போய்ச் சேர்ந்தது. இந்த இதழில் அவர் கதையைப் பார்ப்போம்.

மூன்று பேர், ஒரே பள்ளி

போஸ்டெல் பிறந்தது 1943 ஆகஸ்ட் 6, கலிஃபோர்னியாவில் உள்ள ஆல்டடீனா என்ற ஊரில். படித்தது வான் நைஸ் உயர்நிலைப் பள்ளி. பின்னாளில் இன்டர்நெட்டின் அடித்தளத்தைப் போட்ட விண்ட் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் இரண்டு பேரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966-ல் பொறியியல் பட்டம், 1968-ல் முதுநிலை, 1974-ல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

மாணவராக இருக்கும்போதே லெனர்ட் கிளைன்ராக்கின் ஆய்வகத்தில் வேலை. 1969 அக்டோபர் 29 அன்று அந்த ஆய்வகத்திலிருந்துதான் ஆர்பாநெட்டின் முதல் செய்தி போனது. லாகின் என்ற சொல்லை அனுப்ப முயன்று, முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. நம்ம லேப் டெமோ மாதிரியேதான்!

அப்போது அந்த நெட்வொர்க் எப்படி இயங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தது பெரிய கமிட்டி எதுவும் இல்லை. பெரும்பாலும் பி.ஜி. மாணவர்கள்தான். தாங்கள் சொல்வது உத்தரவு போலத் தெரியக்கூடாது என்று நினைத்த ஸ்டீவ் குரோக்கர், 1969 ஏப்ரலில் தங்கள் குறிப்புகளுக்குக் கருத்துக் கேட்கும் கடிதம் என்ற பொருளில் ஆர்.எஃப்.சி. என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் அந்தக் குறிப்புகளைச் சேர்த்து, திருத்தி, எண் போட்டு வெளியிடும் பொறுப்பு போஸ்டெலிடம் வந்தது. சாகும் வரை அதை அவர் விடவில்லை.

எண் கொடுக்கிறவர்

1972 மே மாதம் போஸ்டெல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஆர்.எஃப்.சி. 349. எந்தச் சேவைக்கு எந்த எண் என்று ஆளாளுக்கு வைத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். இதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஒருத்தராக அவரே ஆனார்.

தண்டர்பேர்டு மாதிரி ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. அதில் மெயிலும் படிக்கலாம், நியூஸ்குரூப்பும் படிக்கலாம். நியூஸ்குரூப் என்பது இன்றைய குரூப் அரட்டைக்கெல்லாம் தாத்தா. அந்த மென்பொருள் நியூஸ் சர்வரோடு பேசும் போர்ட் 119. மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போர்ட் 25. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் சர்வரும் இதே எண்ணில்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போஸ்டெலும் அவரோடு பல வருஷம் வேலை செய்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் புதுப்பித்துப் புதுப்பித்து வெளியிட்ட பட்டியல்தான் அதற்குக் காரணம்.

1977-ல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய பெரிய வேலைகள் நடந்தன. இன்டர்நெட்டின் முதுகெலும்பான ஐ.பி., டி.சி.பி. விதிகள் 1981 செப்டம்பரில் அவர் தொகுப்பில் வெளிவந்தன. 1982 ஆகஸ்டில் மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதியை எழுதினார். அது ஆர்.எஃப்.சி. 821. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுக்கப் பழைய விதியிலிருந்து டி.சி.பி.க்கு மாறியதே, அந்த மாற்றத்துக்கான திட்டத்தை எழுதியதும் அவர்தான்.

அழிக்கக் கூடாத பக்கம்

போஸ்டெல் கட்டிக்காத்த ஒரு வழக்கத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கணும். ஒரு ஆர்.எஃப்.சி. வெளிவந்துவிட்டால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. தப்பு இருந்தால் புதுசா ஒன்று எழுதி, புது எண் போட்டு, இது அந்தப் பழையதற்குப் பதிலாக வந்தது என்று மேலேயே குறிக்க வேண்டும். பழையது அப்படியே இருக்கும்.

இதனால் என்ன லாபம்? 821-க்குப் பதிலாக 2001-ல் 2821 வந்தது. அதற்குப் பதிலாக 2008-ல் 5321 வந்தது. இன்று ஒரு மெயில் மென்பொருளின் கோடைப் பராமரிக்கிற தன்னார்வலர், இந்த வரி ஏன் இப்படி இருக்கு என்று சந்தேகம் வந்தால் 1982 வரைக்கும் படியிறங்கிப் போகலாம். கிட் வருவதற்குப் பல வருஷம் முன்பே நடந்த வெர்ஷன் கன்ட்ரோல் இது. சாதாரண எழுத்து, ஒரு வரிக்கு 72 எழுத்து, படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. அதனால்தான் அன்றைய கோப்பு இன்றைக்கும் எந்த எடிட்டரிலும் திறக்கிறது. நம்ம முதல் வருஷ ரெக்கார்டு ஃபைலே இப்போ நமக்குத் திறக்க மாட்டேங்குது!

போஸ்டெலின் பெயர் 200-க்கும் மேற்பட்ட ஆர்.எஃப்.சி.க்களில் இருக்கிறது. மற்றவர்கள் எழுதியதையும் படித்து, புரியாததைத் திருப்பி அனுப்பி, ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். நீளத் தாடி, காலில் செருப்பு, விடுமுறை கிடைத்தால் முதுகில் பையோடு சியரா மலைப் பக்கம் நடை. ஆள் இவ்வளவுதான்.

அவர் தோற்ற இடம்

இவரைச் சாமியாக்கிக் கும்பிடணும்னு சொல்லலை. அவர் விட்ட இடமும் உண்டு.

டி.சி.பி. விதியில் அவர் ஒரு கொள்கையைச் சேர்த்தார். நாம் அனுப்புவது விதியை விட்டு இம்மியும் விலகக் கூடாது. எதிரில் வருவதில் சின்னப் பிசகு இருந்தாலும் பொருள் புரிந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அது. ஆரம்பத்தில் பலவகைக் கணினிகள் ஒன்றோடு ஒன்று பேசியதற்கு அந்தத் தாராளம் கைகொடுத்தது. ஆனால் தப்பான மெயிலையும் ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ள, தப்பே வழக்கமானது. 2023-ல் வந்த ஆர்.எஃப்.சி. 9413 இதைத்தான் எடுத்துப் பேசுகிறது: பிசகைச் சகித்துக்கொண்டு போவதைவிட, விதியையும் மென்பொருளையும் தொடர்ந்து பராமரித்துத் திருத்துவதே நல்லது. அவர் கொள்கையைக் கேள்வி கேட்டதும் அவர் வளர்த்த லாக் புக்கில்தான் என்பதைக் கவனிங்க.

இன்னொன்று ஸ்பேம். 1975 நவம்பரிலேயே, வேண்டாத செய்தியைத் தடுக்க ஒரு கணினிக்கு வழியே இல்லையே என்று ஆர்.எஃப்.சி. 706-ல் அவர் எழுதினார். ஆனால் 7 வருஷம் கழித்து அவரே எழுதிய மெயில் விதியில், அனுப்புகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று சோதிக்க வழி இல்லை. நமக்குத் தெரிந்த பெரிய கம்பெனி பெயரில் வேலை ரெடி, டெபாசிட் கட்டுங்க என்று போலி மெயில் வருதே, அதற்கான ஓட்டை அங்கே இருந்து வந்ததுதான். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்றெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஒட்டுப்போட்டு அடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கு வந்த இரண்டு எழுத்து

1983-ல் டொமைன் பெயர் முறையை வடிவமைக்கும் வேலையைப் பால் மோக்கபெட்ரிஸிடம் கொடுத்தவரும் போஸ்டெல்தான். நாடுகளுக்குப் பெயர் ஒதுக்கும்போது அவர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். எது நாடு, எது நாடு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல அவர் தயாராக இல்லை. சர்வதேசத் தர அமைப்பின் இரண்டெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அப்படித்தான் இலங்கைக்கு எல்.கே., நமக்கு இன்.

இந்தியாவில் 1986-ல் எர்நெட் திட்டம் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., பம்பாயின் என்.சி.எஸ்.டி. எல்லாம் அதில் சேர்ந்தன. நம்ம சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு. 1989-ல் புள்ளி இன் பதிவானது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது அதற்குப் பிறகு, 1995 ஆகஸ்ட் 15-ல்.

இப்போது புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாம். ஆனால் உள்ளே அது ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறித்தான் பயணிக்கிறது. 1980-களின் மென்பொருள் எதுவும் உடையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நம்ம தமிழும் அந்தப் பழைய லாக் புக்கை மதித்துத்தான் உள்ளே வந்தது.

கடைசி வருஷம்

1990-களில் டொமைன் பெயரில் பணம் புரள ஆரம்பித்ததும் கேள்வி எழுந்தது: இவ்வளவு பெரிய விஷயம் ஒரு மனிதரை நம்பி இருக்கலாமா? 1998 ஜனவரி 28 அன்று போஸ்டெல், ரூட் சர்வர் நடத்துபவர்களில் 8 பேருக்கு ஒரு மெயில் அனுப்பினார். மூலப் பட்டியலை வழக்கமான இடத்திலிருந்து எடுக்காமல் தன் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னார். 8 பேரும் செய்தார்கள். உலகத்தில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அமெரிக்க அரசு அதிர்ந்துபோய், பழையபடி மாற்றச் சொன்னது. இது ஒரு சோதனைதான் என்று விளக்கம் சொல்லி, மாற்றிவிட்டார்.

இதைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், அத்துமீறல் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டுமே சரின்னுதான் படுது. ஒரே ஆளை நம்பும் எந்த அமைப்பும், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆபத்தானதுதான். அவருக்கும் அது தெரியும். அந்த வருஷமே தன் வேலையை ஐகேன் என்ற அமைப்பிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஐகேன் பிறந்த சில வாரங்களில், 1998 அக்டோபர் 16 அன்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் இறந்தார். வயது 55.

விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கல் எங்கே வெளியானது தெரியுமா? ஆர்.எஃப்.சி. 2468 ஆக. மற்றக் குறிப்புகள் மாதிரியே எண் போட்டு, அதே லாக் புக்கில். அவர் போன பிறகும் போர்ட் எண் ஒதுக்கீடு நிற்கவில்லை, மெயில் நிற்கவில்லை. எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

சரி, நமக்கு என்ன?

போன செமஸ்டர் நாங்க நாலு பேர் ஒரு சீனியர் புராஜெக்டைத் தொடரலாம்னு எடுத்தோம். கோடு இருந்தது. எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், எந்தப் போர்ட், ஒரு வரி குறிப்பு இல்லை. அதை ஓட வைக்கவே மூணு வாரம் போச்சு. கோபம் கோபமா வந்தது. அப்புறம் நாங்க முடிச்சுக் கொடுத்தப்போ பார்த்தா, எங்க ரீட்மீ ஃபைலும் காலி!

அதைப் போன வாரம் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு பக்கம். என்ன செய்தோம், எது இன்னும் ஓடவில்லை, எதை ஏன் அப்படி விட்டோம் என்று. மார்க் கிடைக்காது, ரெஸ்யூமேயில் போட முடியாது. ஆனால் அடுத்த வருஷம் அந்த ஃபோல்டரைத் திறக்கப்போகிற ஜூனியருக்கு மூணு வாரம் மிச்சம்.

உங்க புராஜெக்டையும் சமர்ப்பிக்கும் முன் ஒருதரம் திறந்து பாருங்க. லாக் புக் எழுதியாச்சா?