வலையை வெட்டிய கோச்

1965-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்தின் தலைநகரான ராலே நகரம். கூடைப்பந்து இறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்தது. 12 ஆயிரம் பேர் கூடியிருந்த அரங்கம் அதிர்ந்தது.

ஜெயித்த வாலிபர்கள் குதித்துக் கூத்தாடவில்லை. நேராக ஒரு வயோதிகரிடம் ஓடினார்கள். நோயால் மெலிந்து போன அவரைத் தோளில் தூக்கினார்கள். கூடை வளையத்தின் அருகே கொண்டு போனார்கள். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.

நடுங்கும் கையால் வலையின் கடைசி நூலை அவர் வெட்டினார். பார்த்தவர்கள் பலர் கண் கலங்கினர்.

அந்த வயோதிகர்தான் எவரெட் கேஸ். அவர் பந்தை எறிந்து புகழ் பெற்றவர் அல்ல. எறியக் கற்றுக் கொடுத்துப் புகழ் பெற்றவர்.

18 வயதில் கோச்!

எவரெட் கேஸ் 1900-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி, இண்டியானா மாகாணத்தில் உள்ள ஆண்டர்சன் என்ற ஊரில் பிறந்தார்.

இண்டியானாவில் கூடைப்பந்து என்றால் ஜனங்களுக்கு உயிர். ஊர் சின்னதாக இருக்கும். பந்தாட்டக் கொட்டகை மட்டும் பெரிதாக இருக்கும். 1997 வரை ஒவ்வோர் ஆண்டும் மாகாணத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம், பெரியது சிறியது என்ற பேதம் இல்லாமல், ஒரே போட்டியில் மோதின. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆண்டு முழுவதும் ஆடியதற்கு முடிவு சொல்லும் அந்தப் போட்டி, சிறுவன் கேஸின் மனதில் ஆழப் பதிந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், 18 வயதிலேயே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பிராங்க்போர்ட் என்ற ஊரின் பள்ளிக்கு 1925, 1929, 1936, 1939 ஆகிய 4 ஆண்டுகளில் மாகாண வெற்றியைத் தேடித் தந்தார். அந்த ஊர்க்காரர்கள் பின்னாளில் தங்கள் ஆட்ட அரங்கத்துக்கே அவருடைய பெயரை வைத்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கேஸ் கடற்படையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும், 1946-ல், ராலே நகரில் உள்ள வட கரோலினா ஸ்டேட் காலேஜிலிருந்து அழைப்பு வந்தது.

அது விவசாயமும் என்ஜினீயரிங்கும் கற்பிக்கும் கல்லூரி. அந்த வட்டாரத்தில் கால்பந்துக்குத்தான் மவுசு. அது அமெரிக்கக் கால்பந்து. காலால் உதைப்பதைவிடக் கையில் எடுத்துக் கொண்டு ஓடுவதே அதில் அதிகம். கூடைப்பந்தைச் சீண்டுவார் இல்லை.

ஜன்னல் வழியே குதித்தார்கள்

கேஸ் தனியாக வரவில்லை. இண்டியானாப் பையன்களையும் கூட்டி வந்தார். அவர்கள் ஓட்டமும் பாய்ச்சலுமாக ஆடினார்கள். எதிரிக்கு மூச்சு விட அவகாசம் கொடுக்கவில்லை.

ஒரே பருவத்தில் ஊரின் நிலை தலைகீழாக மாறியது.

1947-ல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள், பரம வைரிகள். ஆட்டம் நடப்பதோ ஒரு சிறிய கூடத்தில். கூட்டம் கதவுக்குள் அடங்கவில்லை. ஜன்னல் வழியே குதித்தார்கள். கடைசியில் தீயணைப்பு அதிகாரி வந்து, ஆட்டமே கூடாது என்று தடுத்து விட்டார்!

அந்த ஆண்டு, தென்பகுதிச் சங்கத்தின் இறுதிப் போட்டியில் கேஸின் கோஷ்டி வென்றது. வெற்றி பெற்றவர்கள் கூடையின் வலையை வெட்டி எடுப்பது இண்டியானா வழக்கம். கேஸ் அதை ராலேக்குக் கொண்டு வந்தார். இன்று அமெரிக்கா முழுவதும் அந்த வழக்கம் பரவி விட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லி விட வேண்டும். அமெரிக்காவில் கல்லூரிகள் வட்டாரவாரியாகச் சேர்ந்து சங்கம் வைத்துக் கொள்ளும். பருவம் முழுவதும் சங்கத்துக் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதும். அது உள்ளூர்ச் சண்டை. பருவம் முடிந்த பிறகு தேசியப் போட்டி. அங்கேதான் எந்தச் சங்கத்தின் சரக்கு எப்படி என்று தெரியும். வீட்டுக்குள் புலியாக இருப்பவன் வீதியில் என்ன ஆகிறான் என்று நாடே பார்க்கும்.

1947 முதல் 1952 வரை 6 ஆண்டுகள் தொடர்ந்து கேஸின் கோஷ்டியே சங்கத்தில் முதல். வீதியில்?

1950-ல் தேசியப் போட்டிக்கு 8 கோஷ்டிகளை மட்டும் எடுத்தார்கள். கேஸின் கோஷ்டியும் அதில் ஒன்று. முதல் ஆட்டத்தில் ஹோலி கிராஸ் கல்லூரியை வென்றது. அடுத்து நியூயார்க் சிட்டி காலேஜிடம் 78-73 என்று தோற்றது. சிட்டி காலேஜ்தான் அந்த ஆண்டின் தேசிய சாம்பியன். கேஸின் கோஷ்டிக்கு மூன்றாவது இடம். அதற்கு மேல் அவர் போனதே இல்லை.

கட்டடத்தை நீட்டினார்

யுத்தத்துக்கு முன்பு தொடங்கிய ஓர் அரங்கம், கல்லூரியில் வெறும் இரும்புச் சட்டமாக நின்று கொண்டிருந்தது. கேஸ் அதை விடவில்லை. கட்டி முடிக்கும்படி தூண்டினார். இன்னும் நீளமாக இருக்க வேண்டும், இன்னும் பலர் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1949 டிசம்பரில் ரெனால்ட்ஸ் அரங்கம் திறந்தது. 12,400 பேர் அமரலாம்.

கூட்டம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று காட்ட, விளக்குகள் ஏறி இறங்கும் ஒரு கருவி அங்கே தொங்கியது. சத்தம் கூடக் கூட விளக்குகள் மேலே ஏறும். ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். உண்மையில் அது சத்தத்தை அளக்கவில்லை. ஓர் ஆள் மறைவில் இருந்து கையால் ஏற்றி இறக்கிக் கொண்டிருந்தார்! கேஸ் விளையாட்டு மட்டும் தெரிந்தவர் அல்ல, வேடிக்கை காட்டவும் தெரிந்தவர்.

அதே மாதம் 'டிக்சி கிளாசிக்' என்ற போட்டியைத் தொடங்கினார். உள்ளூர் கோஷ்டிகள் 4, வெளியூர் கோஷ்டிகள் 4. மூன்று நாளில் 12 ஆட்டங்கள். நாட்டின் பெரிய கோஷ்டிகள் வந்து மோதின. 12 ஆண்டுகள் நடந்தது. 12 தடவையும் உள்ளூர் கோஷ்டியே வென்றது! அதில் 7 தடவை கேஸின் கோஷ்டி.

நிறவெறி தலைவிரித்தாடிய காலம் அது. கேஸின் கோஷ்டியில் எல்லாரும் வெள்ளையர்களே. 1958-ல் சின்சினாட்டி கோஷ்டியோடு ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற மாபெரும் கறுப்பு ஆட்டக்காரர் வந்தார். ராலே ஓட்டல்களில் அவருக்கு இடம் கிடையாது. கோஷ்டி மாணவர் விடுதியில் தங்க வேண்டியதாயிற்று. அரங்கத்திலும் அவர் ஏச்சைக் கேட்டார். அந்தப் போட்டியின் புகழோடு இந்தக் களங்கமும் சேர்ந்தே இருக்கிறது.

ஒரே ஒரு இடம்

1953-ல் 7 கல்லூரிகள் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து, அட்லாண்டிக் கரைச் சங்கம் என்று புதிதாக அமைத்தன. கொஞ்ச நாளில் வர்ஜீனியாவும் சேர்ந்து 8 ஆயிற்று.

புதிய சங்கம் ஒரு கடுமையான விதி வைத்தது. பருவம் முழுவதும் ஜெயித்தாலும் போதாது. கடைசியில் நடக்கும் 3 நாள் போட்டியில் வெல்பவரே சங்கத்தின் சாம்பியன். அவருக்கு மட்டுமே தேசியப் போட்டிக்கு அனுமதி. தேசியப் போட்டியிலும் அப்போது ஒரு சங்கத்துக்கு ஒரே இடம்தான்.

அதாவது, 3 மாதம் வியர்வை சிந்தியவர், ஒரு ராத்திரி சறுக்கினால் வீட்டுக்குப் போக வேண்டும். இது நியாயமா என்று பலர் கேட்டார்கள். கேட்டதில் தவறு இல்லை. ஆனால் ஜனங்கள் டிக்கெட்டுக்கு அலைமோதினார்கள்.

1954 முதல் 1966 வரை அந்தப் போட்டி கேஸின் ரெனால்ட்ஸ் அரங்கத்திலேயே நடந்தது. முதல் ஆண்டு இறுதி ஆட்டத்தில் வேக் பாரஸ்ட் கல்லூரியை 82-80 என்று, கூடுதல் நேரத்தில் கேஸ் வென்றார். 1955-லும் 1956-லும் அவரே.

1956-ல் அவரது கோஷ்டி நாட்டிலேயே இரண்டாவது என்று கணிக்கப்பட்டது. தேசியப் போட்டியில் முதல் எதிரி கனீசியஸ் என்ற கல்லூரி. சுலபமாக வெல்லலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். கேஸின் சிறந்த ஆட்டக்காரர் ரானி ஷாவ்லிக், முறிந்த மணிக்கட்டில் கட்டுப் போட்டுக் கொண்டு ஆடினார். ஆட்டம் சமம். கூடுதல் நேரம். மறுபடி சமம். இப்படி 4 தடவை கூடுதல் நேரம்! கடைசியில் 79-78. ஒரே புள்ளியில் கனீசியஸ் வென்றது.

மறு ஆண்டு நடந்ததை விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கேஸை எதிர்க்கவே வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1952-ல் பிராங்க் மக்கையர் என்ற கோச்சை நியூயார்க்கிலிருந்து அழைத்து வந்திருந்தது. அவருடைய கோஷ்டி 1957-ல் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. தேசிய இறுதி ஆட்டத்தில், 7 அடிக்கு மேல் உயரமான வில்ட் சேம்பர்லேன் ஆடிய கான்சாஸ் கோஷ்டியை, 3 கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 54-53 என்று வென்றது. அட்லாண்டிக் கரைச் சங்கத்தின் முதல் தேசியக் கோப்பை!

கேஸ் உழுதார், மக்கையர் அறுத்தார்.

தானே செய்த வினை

கேஸுக்கு வாய்ப்புக் குறைந்ததற்கு விதியை மட்டும் பழிக்க முடியாது. நல்ல பையன்களைப் பிடிப்பதில் அவருக்கு இருந்த ஆசை எல்லை மீறியது. விதிகளை மீறியதாகக் கல்லூரிக்கு 1954-ல் தண்டனை. 1956-ல் இன்னும் பெரிய தண்டனை, 4 ஆண்டுகள். அதனால் 1955-லும் 1959-லும் சங்கப் போட்டியில் அவர் வென்றும் தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. 1955-ல் டியூக் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. 1959-ல் வட கரோலினா போய் அதுவும் முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

அதைவிடப் பெரிய இடி 1961-ல் விழுந்தது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக் கொண்டு, புள்ளிகளைக் குறைத்து ஆடியதாகச் சில ஆட்டக்காரர்கள் பிடிபட்டார்கள். கேஸின் பையன்களும் அதில் உண்டு. சந்தேகம் வந்ததும் போலீசுக்குச் சொன்னவரே கேஸ்தான். பிள்ளை போல வளர்த்தவர்கள் கைதானதைப் பார்த்து அவர் ஒடிந்து போனார்.

பல்கலைக்கழகத் தலைவர் டிக்சி கிளாசிக்கை நிறுத்தி விட்டார். ஆட்டங்களின் எண்ணிக்கையையும் வெட்டினார். வெளி மாகாணத்துப் பையன்களைச் சேர்ப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இண்டியானாவிலிருந்து பையன்களைக் கொண்டு வந்தவருக்கு அது கையைக் கட்டிப் போட்டது போல.

கடைசி வலை

பிறகு நோய் பிடித்தது. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். 1964 டிசம்பரில், பருவம் தொடங்கி 2 ஆட்டங்கள் முடிந்த நிலையில், கேஸ் பதவியை விட்டார். ஸ்டேட் காலேஜில் அவர் 377 ஆட்டங்களை வென்றிருந்தார், 134-ல் தோற்றிருந்தார். உதவியாளர் பிரெஸ் மாராவிச் பொறுப்பு ஏற்றார்.

அந்தப் பருவத்தின் முடிவில்தான் நாம் முதலில் பார்த்த காட்சி. இறுதி ஆட்டத்தில் எதிரி டியூக். அதன் கோச் விக் பூபாஸ், கேஸிடமே ஆடி, கேஸிடமே உதவியாளராக இருந்தவர். குருவின் கோஷ்டி சீடரின் கோஷ்டியை 91-85 என்று வென்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்து இறங்கிய லாரி வொர்ஸ்லி 30 புள்ளி எடுத்தார்.

தேசியப் போட்டியில் வழக்கம் போல ஏமாற்றம்தான். பிரின்ஸ்டன் 66-48 என்று தோற்கடித்தது.

1966 ஏப்ரல் 30-ந் தேதி கேஸ் காலமானார். அவர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. தம் சொத்தில் ஒரு பங்கை, தம்மிடம் ஆடிய 50-க்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதி வைத்தார். டர்ஹாமுக்குப் போகும் 70-ம் எண் நெடுஞ்சாலையின் ஓரமாகத் தம்மை அடக்கம் செய்யச் சொன்னார். ஆட்டத்துக்குப் போகும் பையன்களின் பஸ்ஸை அங்கிருந்தே பார்க்கலாமாம்! அப்படியே செய்தார்கள். சங்கப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பரிசுக்கும் அவருடைய பெயரையே வைத்தார்கள்.

8 ஆண்டுகள் கழிந்தன. 1974-ல் சங்கத்தின் இறுதி ஆட்டத்தில் ஸ்டேட் காலேஜும் மேரிலாண்டும் மோதின. நாட்டின் மிகச் சிறந்த கோஷ்டிகளில் இரண்டு. கூடுதல் நேரத்தில் 103-100. தோற்ற மேரிலாண்டுக்குத் தேசியப் போட்டியில் இடம் இல்லை. நாடே முணுமுணுத்தது. மறு ஆண்டே தேசியப் போட்டி 32 கோஷ்டிகளாக விரிந்தது. ஒரு சங்கத்திலிருந்து இரண்டு கோஷ்டிகள் வரலாம் என்று விதி மாறியது.

வென்ற ஸ்டேட் காலேஜ், 7 ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியனாக இருந்த கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. கோஷ்டியை அரையிறுதியில் வீழ்த்தியது. இறுதியில் மார்கெட் பல்கலைக்கழகத்தை 76-64 என்று வென்று தேசியக் கோப்பையைத் தூக்கியது.

அந்தக் கோஷ்டியின் கோச் நார்ம் ஸ்லோன். 1946-ல் இண்டியானாவிலிருந்து கேஸ் கூட்டி வந்த பையன்களில் ஒருவர்.